படப்புக்குப் பின்னால ஒம்பது முட்டை

வாத்துன்னதும் குட்டைக்கால் தாராவ நெனைச்சிராதீக. மழைக்காலம் முடிஞ்சா தாராக்காரங்க கூட்டங்கூட்டமா ஓட்டிக்கிட்டு வந்து கம்மாக்கரை வயல்ல மேச்சுட்டுப் போவாங்க, அது வேற. நான் வளத்தது சீமை வாத்து. வெள்ளைவெளேர்னு இருக்கும். கழுத்த நீட்டுச்சுன்னா என் இடுப்புக்கு வரும், வாயத் தொறந்தா தெருவே திரும்பிப் பாக்கும். எனக்கும் வாயி கொஞ்சம் நீளம். அதனாலயோ என்னவோ எங்களுக்குள்ள சீக்கிரம் ஒத்துப்போச்சு.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். எங்க வீட்டுக்காரவுக மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியார். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல ஒரு கரிசக்காட்டு ஊரு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஓட்டு வீடு குடுத்திருந்தாங்க. கலியாணமாகி மூணு வருசம், பிள்ளைகுட்டி இல்ல. ஒருநா வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கையில இருமல் வந்து, துண்ட வாயில வச்சு எடுத்தா துண்டுல ரத்தம். நெஞ்சுச் சீக்கு. அஞ்சு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தாக. அப்ப அதுக்கு ஊசி கெடையாது. வெள்ளைக்கார டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு, நல்ல காத்து, பாலு, முட்டை, ஓய்வு, இந்த நாலுதான் மருந்துன்னாங்க. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்குறப்ப எந்திரிச்சு நின்னு பாடம் நடத்த முடிஞ்சா வேலை இருக்கும், இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவோம், வீட்டையும் காலி பண்ணணும்னு பள்ளிக்கூடத்தப் பாத்துக்கிற பாதிரி ஐயர் சொல்லிட்டாக. எனக்கு வேலை போறது ரெண்டாவது கவலைதான். ஆள் பிழைக்கணும். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. அவுக இல்லாம ஒரு பொழுது விடியும்னு என்னால நெனைச்சுக்கூடப் பாக்க முடியல.

அந்த டாக்டரம்மா சீமைக்குத் திரும்புற சமயம். பங்களாவுல வளத்த வாத்துல மூணு குடுத்தாங்க, ஒரு ஆணு, ரெண்டு பொட்டை. "ஒரு முட்டை, மூணு கோழி முட்டை. அவருக்குக் குடு," அப்படின்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. தெனமும் முட்டைய எடுத்துரணும், கூட்டுல ஒண்ணே ஒண்ணத்தான் விட்டு வைக்கணும். சேந்து கெடந்துச்சுன்னா வாத்து அதுமேல அடைக்கு உக்காந்துரும், பெறகு முட்டை போடாதுன்னாங்க.

மூணையும் ஒரு பெரிய பனையோலைக் கடகத்துல அமுக்கி, மேல சாக்கக் கட்டி, அவுகளையும் கைத்தாங்கலாப் பிடிச்சு பஸ்ஸு ஏறுனேன். பெட்ரோல் கெடைக்காத காலம், கரிப்புகையில ஓடுற பஸ்ஸு. மேடு வந்தா எல்லாரும் எறங்கித் தள்ளணும். கண்டக்டரு கடகத்தப் பாத்து, "இது லோடா, ஆளா?"ன்னு கேட்டாரு. அதுக்குள்ள ஆண் வாத்து சாக்குக் கிழிசல்ல தலைய நீட்டி அவரு டவுசரப் பிடிச்சு ஒரு கடி. "ஆளுதான்"னு சொல்லி மூணு டிக்கெட்டு கிழிச்சுட்டாரு படுபாவி. அவுக அன்னைக்குச் சிரிச்சாக பாருங்க, அஞ்சு மாசத்துக்கு அப்பறம் மொதத் தடவையா. அந்தச் சிரிப்புக்கு நான் முப்பது டிக்கெட்டுகூட எடுத்திருப்பேன்.

ஊருக்கு வந்த மறுநாளே சண்டை. மூணும் நேரா ஊருணிக்குள்ள எறங்கிருச்சு. குடிக்கிற தண்ணி! ஊரே கூடி வந்துருச்சு. நான் சீலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு முழங்கால் தண்ணியில எறங்கி, ஒவ்வொண்ணாக் கழுத்தப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தேன். அதுக்குப் பெறகு ஒரு கம்ப எடுத்துக்கிட்டு காலையில கம்மாய்க்கு ஓட்டிட்டுப் போவேன். ஐப்பசி மழையில கம்மா நெறஞ்சு கெடந்துச்சு. கரையெல்லாம் புல்லு. சாயங்காலம் குதிரைவாலித் தவிட்டக் கஞ்சித்தண்ணியில பெசஞ்சு வச்சா, கூப்பிடாமலே வீட்டுக்கு வந்துரும்.

மார்கழிப் பனியில முட்டை போட ஆரம்பிச்சுச்சு. பெரிய பொட்டை ஒருநா, சின்னப் பொட்டை மறுநா. என் உள்ளங்கையில அடங்காத முட்டை. எனக்கு வந்த சந்தோசத்துல ஆண் வாத்து காலச் சுத்திச் சுத்திக் கடிச்சதுகூட ஒறைக்கல. நல்லெண்ணெய் ஊத்தி, சின்ன வெங்காயமும் மொளகும் தட்டிப் போட்டுப் பொரிச்சுக் குடுப்பேன். அவுகளுக்கு அந்தக் கவுச்சி பிடிக்காது. மூக்கப் பிடிச்சுக்கிட்டு, "இத முழுசும் திங்கணுமா?"ன்னு பிள்ளை மாதிரி கேப்பாக. "கிண்ணத்த வழிச்சுட்டுக் குடுங்க"ன்னு முன்னாலயே உக்காந்துக்குவேன்.

சீக்கு வீடுன்னு யாரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. அவுக கிட்டப் படிச்ச பிள்ளைகளே வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கும்பிடு போட்டுட்டு ஓடிரும். அவுகளுக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு, வேப்பமரத்தடியில நார்க்கட்டில். அந்தக் கட்டிலச் சுத்தி வந்தது வாத்துக மட்டுந்தான். பைபிள் வாசிச்சா ஆண் வாத்து கழுத்த நீட்டிக்கிட்டுக் கேக்கும். "எங்க வகுப்புல எவனும் இவ்வளவு ஒழுங்கா நின்னதில்ல"ம்பாக.

மாசி பொறந்ததும் வந்துச்சு வினை. பெரிய பொட்டை கூட்ட விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அடியில இருக்குறது ஒரே ஒரு முட்டை, அதுமேல ராணியாட்டம் உக்காந்துக்கிட்டு, கிட்டப் போனா சீறுது. எதுத்த வீட்டுல வெள்ளாமை பாக்குற சம்சாரி பொண்டாட்டி, மதினின்னுதான் கூப்பிடுவேன், வேலியில நின்னு பாத்துட்டு, "அட, அடைக்கு உக்காந்துருச்சு வாத்தியாரம்மா. கோழி அடை உக்காந்தா என்ன செய்வோம்? மூணு முக்கு தண்ணியில முக்கி எடு. தெளிஞ்சிரும். தெளியலன்னா மூக்குல ஒரு இறகக் குத்து," அப்படின்னாக. எங்க பக்கத்துல எல்லாப் பொம்பளையும் செய்யிற வைத்தியந்தான். கோழிய முக்குனா செத்தோம் பிழைச்சோம்னு கத்திக்கிட்டு ஓடும், ரெண்டு நாள்ல அடையும் மறந்துரும்.

நானும் பெருசத் தூக்கிட்டுப் போயி, மாட்டுக்குத் தண்ணி காட்டுற கல்தொட்டியில ஒரு முக்கு முக்குனேன். அது கண்ண மூடிக்கிச்சு. ரெண்டாவது முக்கு. எறக்கைய விரிச்சுச்சு. மூணாவது முக்குக்கு நான் கைய வைக்கவே இல்ல, அதுவாத் தலைய உள்ள விட்டு, முதுகெல்லாம் தண்ணிய வாரிப் போட்டுக்கிட்டு ஆனந்தமாக் குளிக்குது! இதப் பாத்துட்டு மத்த ரெண்டும் ஓடியாந்து தொட்டிக்குள்ள குதிச்சிருச்சு. நல்லாக் குளிச்சு முடிச்சு, எந்திரிச்சு, தண்ணிய எம்மேல ஒதறிட்டு, நேராப் போயி மறுபடியும் கூட்டுல உக்காந்துச்சு பெருசு. "ஏ மதினி, தண்ணியில கெடக்குறதத் தண்ணியில முக்கச் சொன்னீகளே, நீங்கள்லாம் சம்சாரி வீட்டுப் பொம்பளையா?"ன்னு கேட்டேன். மதினிக்குச் சிரிப்புல நிக்க முடியல, வேலிக் கம்பப் பிடிச்சுக்கிட்டாக. சரி, மூக்குல இறகக் குத்துவோம்னு குனிஞ்சேன். ஆண் வாத்து பின்னால வந்து சீலையோட சேத்துக் கவ்விருச்சு. ஒரு வாரம் என்னால ஒழுங்கா உக்கார முடியல.

அவுக கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சாக. சிரிப்பு இருமலாயிருச்சு. நான் ஓடிப்போயி துண்டப் பிடுங்கிப் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அவுக என்னையப் பாத்து, "உக்காந்துட்டுப் போகட்டுமே புள்ள. அதுக்கும் ஆசை இருக்காதா?"ன்னாக.

"அது ஆசைக்கு அது உக்காந்தா, உங்களுக்கு யாரு முட்டை போடுவா? நானா?"

கூட்டக் கலைச்சு முள்ளப் போட்டு அடைச்சேன். என்ன செஞ்சும் பெருசு அந்த வருசம் மறுபடி முட்டை போடல. இனி சின்னத நம்பித்தான் பொழப்பு.

அந்தச் சமயத்துல பருத்தி வெடிச்சிருச்சு. நான் மதினி வீட்டுக் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போக ஆரம்பிச்சேன், வெள்ளனப் போனா உச்சிக்கு மேலதான் வருவேன். முட்டை எடுக்குற வேலைய அவுக பாத்துக்கிட்டாக. மொத வாரம் மூணு முட்டை எடுத்து வச்சாக. பெறகு ஒண்ணு. பெறகு அதுவும் இல்ல. "சின்னதும் கொறைச்சிருச்சு புள்ள. வெயிலு வந்துருச்சுல்ல"ன்னாக. நானும் நம்புனேன். எடுத்த பருத்தியில எனக்குச் சேர வேண்டிய பங்கக் குடுத்து, மதினிகிட்ட கோழி முட்டை வாங்கியாந்து குடுத்தேன். அந்தப் பொடி முட்டைய அவிச்சு உரிக்கையில எனக்கு அழுகையா வரும். இது எந்த மூலைக்குக் காணும்?

பங்குனியில ஒருநா மேகாட்டுப் பருத்தி சீக்கிரம் முடிஞ்சு, உச்சிக்கு முன்னாலயே வந்துட்டேன். அவுக கட்டில்ல கண்ணசந்திருந்தாக. அடுப்புக்குப் பருத்திமார் இழுக்கலாம்னு வீட்டுக்குப் பின்னால படப்புக்குப் போனேன். காஞ்ச பருத்திச் செடியப் போட்டு ஆளுயரத்துக்கு அடுக்கி வச்சிருந்த படப்பு. கைய வச்சேன், உள்ள இருந்து ஒரு சீத்தம். பாம்புன்னு பின்னால குதிச்சுட்டேன். பெறகு மார விலக்கிப் பாத்தா, உள்ள பொந்து மாதிரி எடம் பண்ணி, சாக்கு விரிச்சு, வைக்கோல் போட்டு, நடுவுல சின்னப் பொட்டை உக்காந்திருக்கு. தென்னைமட்டையால அதத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன். முட்டை. ஒண்ணு ரெண்டில்ல, ஒம்பது. ஒவ்வொண்ணுமேலயும் நீலப் பென்சில்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரு. கரும்பலகையில எழுதுற அதே அழகான எழுத்து.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. ஒரு முட்டையக் கையில எடுத்துக்கிட்டு, வாத்து கடிக்கக் கடிக்க வேப்பமரத்துக்கு வந்தேன்.

"இது என்ன?"

அவுக கண்ண முழிச்சுப் பாத்தாக. "முட்டை."

"முட்டைன்னு எனக்குத் தெரியாதா? யாரு வயித்துக்குள்ள போக வேண்டிய முட்டை? பொய் சொன்னீகளே, கோயில்ல ஜெபம் பண்ணுற வாயால!"

"கத்தாத புள்ள. உக்காரு." நான் உக்காரல. அவுக மெதுவா எந்திரிச்சு உக்காந்து, துண்ட மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டே சொன்னாக. "நான் இருந்தா சரி. இல்லாட்டி உன்னைய இந்த வீட்ட விட்டுப் போகச் சொல்லுவாக. உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாரு. அங்க அவரு பொண்டாட்டி கையப் பாத்து, ஒரு வாய்க் கஞ்சிக்கு நிக்கணும். உனக்குன்னு பத்து வாத்து இருந்துச்சுன்னா, முட்டைய வித்து உப்பு புளியாவது வாங்கிக்கிறலாம்ல. நம்மகிட்ட காடு இருக்கா, கரை இருக்கா? உனக்கு விட்டுட்டுப் போக எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு."

"அடப்பாவி மனுசா! உங்க உசுரப் பிடிச்சு வைக்க நான் வாயக் கட்டி வயித்தக் கட்டி முட்டைய ஊட்டுறேன். நீங்க நான் தாலியறுத்த பெறகு கஞ்சி குடிக்க வழி பாக்குறீகளா? அதுக்கு என் கையால பொரிக்க வேண்டிய முட்டையையே எடுத்து ஒளிப்பீகளா?" அப்படியே அந்த முட்டைய எடுத்துட்டு அடுப்படிக்குப் போனேன். இன்னைக்கே பொரிச்சு அவுக வாயில திணிக்கணும்னுதான் போனேன்.

"புள்ள, அது அடை வச்சுப் பன்னண்டு நாளாச்சு"ன்னு பின்னாலயிருந்து சொன்னாக.

நின்னுட்டேன். முட்டைய ரெண்டு கையாலயும் குவிச்சுப் பிடிச்சு, வெயிலுக்கு நேரா வச்சுப் பாத்தேன். உள்ள செக்கச்செவேர்னு நரம்பு ஓடுது. நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. அது அசைஞ்சுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், மறுபடியும் அசைஞ்சுச்சு. கொண்டுபோயி வாத்துக்கு அடியில வச்சுட்டு, படப்புல சாஞ்சு உக்காந்து ஓன்னு அழுதேன். அவுக சொவத்தப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்தாக. "எனக்கு வாத்து வேணாம். நீங்கதான் வேணும். வாத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"ன்னு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவுக பக்கத்துல உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாக. சீக்கு வந்ததுக்குப் பெறகு, எனக்கு ஒட்டிருமோன்னு அவுக என் கையத் தொட்டதே இல்ல. அன்னைக்குத்தான் தொட்டாக.

அழுது முடிச்சதும் எனக்குக் கோவம் திரும்ப வந்துருச்சு. "சரி. நீங்க வச்ச அடை, நீங்கதான் பாக்கணும். பொரிக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. நான் ஒரு சொட்டுத் தண்ணி மோந்து தரமாட்டேன். நடுவுல படுத்தீகன்னா ஒம்பதையும் தெருவுல ஒடைச்சு ஊத்திருவேன். காலையில கோழி முட்டையும் பாலும் உள்ள போனாத்தான் படப்புப் பக்கம் போகணும்," அப்படின்னேன்.

போனாக. கம்மா வத்திப்போச்சு, காத்து அனலாக் கொதிக்குது. வாத்து நாளுக்கு ஒருதடவை எந்திரிச்சு நனையணும், ஈர எறக்கையோட போயி உக்காந்தாத்தான் முட்டைத் தோடு காயாது. அதுக்குத் தொட்டி நெறையணும். மொத நாள் கெணத்துலயிருந்து செம்பு செம்பாக் கொண்டாந்தாக, நாலு நடைக்கு ஒருதடவை உக்காந்தாக. நான் சன்னலுக்குப் பின்னால நின்னு வாயத் துணியால பொத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். ஓடிப்போயி வாங்கிறலாம்னு காலு துடிக்கும். வீம்புக்கு நின்னேன். ரெண்டாவது வாரம் அரை வாளி தூக்குனாக.

சித்திரை பொறந்ததும் கோடையிடி. இடி இடிச்சா அடை முட்டை கூமுட்டையாப் போகும்னு எங்க பக்கம் கூட்டுல ஒரு இரும்புத் துண்டு போடுவாங்க. இவுக அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு வகுப்புல பாடமே நடத்துனவுக. அன்னைக்கு மேக்க ரெண்டு முழக்கம் முழங்குச்சு, ஆளக் காணோம். பாத்தா மதினி வீட்டு வேலியில நின்னு மாட்டு லாடம் ஒண்ணு கேட்டு வாங்குறாக! "என்ன வாத்தியாரே, இடிக்கும் முட்டைக்கும் என்ன சம்மந்தம்?"னேன். "ஒண்ணும் இல்ல. இருந்துட்டுப் போகட்டும்"னு முகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிக் கூட்டுல வச்சாக.

ஒம்பதுல ஆறு பொரிச்சுச்சு. மஞ்சக் குஞ்சு, பஞ்சாட்டம். அவுக கால எங்க வச்சாலும் பின்னாலயே போகும். பாக்க ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா சாயங்காலமானா அவுக எண்ணிப் பாத்துட்டு, "உன்னோட ஆறும் வந்துருச்சு புள்ள"ம்பாக. அந்த வார்த்தை எனக்கு ஆகல. வைகாசியில காச்சல் நின்னுபோச்சு, இருமலும் கொறைஞ்சுச்சு. ஆனா ஒடம்புல சதை இல்ல, தேறிருவாருன்னும் யாரும் சொல்லல. அவுகளும் "உன்னோட ஆறு"ங்குறத விடல. முத்தத்துல அந்த ஆறும் வளர வளர, எனக்கு என் தாலிக்கயித்த யாரோ அளந்து பாக்குற மாதிரி இருந்துச்சு.

பள்ளிக்கூடம் தொறக்க ஒரு வாரம் இருக்குறப்ப, விடிஞ்சதும் ஆறையும் கடகத்துல போட்டுக்கிட்டு, டவுனுக்குப் போய்ட்டு வாரேன்னு மட்டும் சொல்லிட்டு அருப்புக்கோட்டை போனேன். பஞ்சு குடோன் வச்சிருந்த ஒருத்தரு காவலுக்கு வேணும்னு மொத்தமா வாங்கிக்கிட்டாரு. துணி கெடைக்காத காலம். தறிக்காரவுக தெருவுல வீடு வீடா ஏறி எறங்கி ஒரு வேட்டி எடுத்தேன். மத்தியான பஸ்ஸுல வந்து அத அவுக மடியில வச்சேன். "பள்ளிக்கூடம் தொறக்கையில உடுத்திட்டுப் போங்க."

அவுக கடகத்தப் பாத்தாக. "குஞ்சு எங்க?"

"வித்துட்டேன்."

"ஆறையுமா?"

"ஆறையுந்தான். பெருசு மூணையும் விக்க மாட்டேன், மார்கழியில உங்களுக்கு முட்டை வேணும். இப்ப எனக்குன்னு ஒரு குஞ்சுகூடக் கெடையாது. நீங்க போயிட்டா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும். தெரிஞ்சுக்கங்க."

அவுக வேட்டிய எடுத்து விரிச்சாக. விரிக்க விரிக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. "எட்டு முழமா? எனக்கு எதுக்கு இம்புட்டு? இந்த இடுப்புல நிக்காதே புள்ள"ன்னாக.

"இந்த இடுப்புக்கு யாரு எடுத்தா? தேறப்போற இடுப்புக்கு எடுத்தேன்," அப்படின்னேன். ஜூன் மாசம் இடுப்புல கயித்தப் போட்டுக் கட்டிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாக. தை மாசம் அந்தக் கயித்த அவுத்து எங்கையில குடுத்தாக.